கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணனார்

நம் கொங்கு நாட்டார்க்கு மின்சாரம் கைபழகிய பொருள். 1932ஆம் ஆண்டில் நீலமலைப் பைக்காராவின் நீர்வீழ்ச்சியிற் பிறந்த மின்னாற்றல் கோவைக்கு இறங்கி வந்த நாள்தொட்டு, எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த ஆழ்கிணறுகளிற் படிப்படியாகப் பம்புகள் அமைந்தன; நூற்பாலைகள் பெருகின; 1937ஆம் ஆண்டில் இந்நகரத்திலேயே மோட்டார் செய்யவும் தொடங்கினர். இன்று பீளமேடு, கணபதி முதலிய பகுதிகளில் மோட்டார்ப் பட்டறைகள் வரிசை வரிசையாய் விளங்குகின்றன. கருகிப்போன மோட்டாரின் பழங்கம்பியை உரித்தெறிந்து, புதுச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருவோர் ஊர்தோறும் உளர். ஆயினும், அக்கம்பியினுள்ளே செல்வது யாது, அது செல்லுங்கால் கம்பி சூடேறுவது எற்றுக்கு என்று வினவுவோமாயின், நம்மில் விடைகூற வல்லார் மிகச் சிலரே.

அவ்வினாவைத் தம் வாழ்நாளிற் பல்லாண்டுகள் ஆராய்ந்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் நம்மைப் போலவே மிஷன் கலாசாலை மாணவர். அவரே ஸர் கே. எஸ். கிருஷ்ணன் என்று உலகம் அறிந்த கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணனார். தமிழ் இலக்கியம் பயிலும் எமக்குப் பௌதிக சாஸ்திரத்தில் என்ன உரிமை என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் முறுவல் செய்யக்கூடும். வினவும் உரிமை எல்லார்க்கும் உண்டு என்பதைத் தம் இளமையிலேயே செயலிற் காட்டியவர் இப்பெரியார். ஆதலின், யாம் துணிந்து இவ்வரலாற்றை எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

மேற்குத்தொடர் மலையின் அடிவாரத்தில், இந்நாள் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பு என்னும் ஊரில், 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் கிருஷ்ணனார் பிறந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான், கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்ஸன் என்னும் பேராசிரியர் எலெக்ட்ரான் என்னும் நுண்துகளைக் கண்டறிந்திருந்தார். அணுவே பொருளின் கடைசிக் கூறு என்று கருதப்பட்ட காலத்தில், அதனினும் மிகச் சிறியதாகிய மின்துகள் ஒன்று உண்டென்பது பெரும்புதுமை. வத்திராயிருப்பிற் பிறந்த குழந்தையும், கேம்பிரிட்ஜிற் பிறந்த அவ்வுண்மையும் ஏறக்குறைய ஒரே வயதினவாய் வளர்ந்தன என்னலாம்.

தந்தையார் வேளாண்மை செய்தவர். தமிழும் வடமொழியும் நன்கு கற்றவர். அவ்விரு மொழிகளின்பாலும் மகனார்க்கு அமைந்த பற்று இறுதிவரை நீங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். திருமலைக்கொழுந்துப் பிள்ளை என்னும் பள்ளி ஆசிரியரே தமக்கு விஞ்ஞானத்தின் சுவையை ஊட்டியவர் என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு குறித்துள்ளார். அவ்வாசிரியர் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும், எளிய சோதனை ஒன்றைக் கண்முன் செய்துகாட்டி, மாணாக்கர் அதன்கண் மனத்தைப் பறிகொடுக்குங்காறும் அமைய மாட்டார். உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவரின் முதல் ஆசிரியர், நல்ல விளக்கம் ஒன்றையே செல்வமாக உடையவராயிருந்தார் என்பது நாம் மறத்தற்கரிய செய்தி.

நண்பகல் அவை

பள்ளிப் படிப்பு முடிந்தபின் மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் கிருஷ்ணனார் பயின்றார். பிந்திய கலாசாலை 1937ஆம் ஆண்டிலேதான் தாம்பரம் சென்றது. அக்காலத்தில் அது சென்னைத் துறைமுகத்தை அடுத்த ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்தது. அவர் பட்டம் பெற்றது பௌதிகத்தில். ஆயினும் அங்கேயே இரசாயனப் பகுதியிற் செய்முறை விளக்குநராக அமர்ந்தார்.

அப்பொழுது அவர்க்கு வயது இருபதையொட்டியது; பெரும்பதவியும் இல்லை. எனினும், பகலுணவு வேளையில் மாணாக்கரைக் கூட்டி ஓர் அவை நடத்தலானார். பாடத்திட்டம் என்பது அவ்வவைக்கு இல்லை. பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய துறைகளில் யார் வேண்டுமாயினும் எவ்வினாவையும் எழுப்பலாம். கூடியிருந்தோர் அனைவரும் அதனை அலசி ஆராய்வர். நாளடைவிற் பிற கலாசாலை மாணவரும் அங்கு வந்து குழுமினர். உணவையும் ஓய்வையும் விட்டு ஒரு விளக்கத்தைக் கேட்பதற்காக வேற்றுக் கலாசாலையின் வாயிலை நாடிவந்த மாணவரை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது.

கிருஷ்ணனாரின் பிற்கால ஆராய்ச்சிகள் அனைத்திலும் இந்நண்பகல் அவையின் சாயல் உண்டென்பது எம் கருத்து. பிறர்க்கு விளக்கப் புகுந்தவன், தனக்கு விளங்காத இடம் எதுவென்பதை முதலில் அறிந்துகொள்கின்றான். ஆராய்ச்சி தொடங்குவது அவ்விடத்திலேதான்.

ஒளி நிறம் மாறிய கதை

1920ஆம் ஆண்டையொட்டிக் கிருஷ்ணனார் கல்கத்தா சென்றார். அங்கே திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ஸி. வி. ராமன் அவர்கள் பேராசிரியராய் விளங்கினார். 1923ஆம் ஆண்டில், பௌபஜார்த் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ராமனாரின் துணை ஆராய்ச்சியாளராகக் கிருஷ்ணனார் அமர்ந்தார்.

அங்கு ஆராயப்பட்டது ஒளிச்சிதறல். இருளறையில் ஓர் ஒளிக்கற்றையைத் தூய திரவத்தினூடே செலுத்தினால், அதன் பாதை பக்கத்திலிருந்து பார்ப்பார்க்கு மங்கலாய்த் தோன்றும். திரவத்தின் மூலக்கூறுகள் ஒளியைப் பல திசையிலும் சிதற அடிப்பதே அதற்குக் காரணம். இனி, ஊதா நிறத்தை மட்டும் விடும் கண்ணாடி ஒன்றை ஒளி புகும் வழியிலும், அந்நிறத்தை அறவே தடுக்கும் கண்ணாடி ஒன்றைப் பார்ப்போன் கண்முன்னும் வைத்தால் யாது நிகழும்? சிதறிய ஒளி தன் நிறம் மாறாதிருப்பின், ஒன்றுமே தோன்றலாகாது. ஆனால் மங்கலான ஒளி தோன்றியது! திரவத்தின் மாசே காரணமாகலாம் என்று முன்னர்க் கருதினர். திரவத்தைப் பன்முறை வடித்துத் தூய்மை செய்தும் அவ்வொளி மறையவில்லை. ஏறத்தாழ அறுபது திரவங்களிற் பார்த்தும் முடிபு ஒன்றே.

அதன் பொருள் இது: ஒளி அலையாய்ப் பரவுவதெனினும், ஆற்றலைக் கொடுக்குங்கால் சிறு சிறு பொட்டலமாகவே கொடுக்கின்றது. அப்பொட்டலத்தை ஒளித்துகள் என்பர். அது மூலக்கூற்றில் மோதி, தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதற்கு ஈந்துவிட்டு வெளியேறுமாயின், அதன் நிறம் மாறும். சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழக் கோடியில் ஒன்றே இங்ஙனம் மாறுமாதலின், இதனைக் காண்பது அத்துணை அரிதாயிற்று. 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இவ்வுண்மை தெளிவாயிற்று. மார்ச்சுத் திங்களில் ராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயரும் தாங்கி இங்கிலாந்தின் விஞ்ஞான இதழில் வெளியாயிற்று.

1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ராமனார் ஒருவர்க்கே வழங்கப்பட்டது. அன்றாடச் சோதனைகளை இருளறையிற் செய்தவர் கிருஷ்ணனார் என்பதை அறிந்தோர், அவர்க்கும் பங்கு உண்டன்றோ என்று இன்றுங்கூடப் பேசுவர். கிருஷ்ணனாரோ அப்பரிசிற் பங்கு கேட்டு வழக்காடியதில்லை. புகழ் சென்ற திசையை நோக்கி நில்லாது, அடுத்த வினாவை நோக்கி அவர் நடந்தார்.

காந்தமும் பென்சிலும்

1928ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்ற கிருஷ்ணனார், படிகங்களின் காந்தத் தன்மையை ஆராயலானார். அவர் வகுத்த முறை வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. மயிரினும் மெல்லிய படிகக்கல் இழையொன்றில் சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகட்கும் இடையே தொங்கவிடுவார். பின் இழையின் மேல்நுனியைச் சிறிது சிறிதாய் முறுக்குவார். காந்தம் படிகத்தைப் பிடித்து வைத்திருக்கும். இழையின் முறுக்கோ அதனைத் திருப்ப முயலும். ஒரு குறித்த அளவிற்குமேல் முறுக்கு ஏறியதும், படிகம் திடீரெனப் புரண்டு சுழலும். அப்புரளும் கோணத்தை அளந்தால், படிகத்தின் காந்தத்தன்மை ஒரு திசையினும் மற்றொரு திசையில் எவ்வளவு மிகுதி என்பது கணக்கிற் கிடைக்கும். அதிலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் உய்த்துணரலாம். நம் வீட்டுத் துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையின் பொருளாகிய நாப்தலீனும் இங்ஙனம் தன் உள்ளமைப்பை அவர்க்குக் காட்டிக் கொடுத்தது.

1933ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்குப் பேராசிரியராய் மீண்டார். அங்கே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது கிராபைட். பென்சிலின் நடுவிலுள்ள கரிய பொருளை ஈயம் என்று நாம் கூறுகின்றோம். அஃது ஈயமன்று, கரியின் ஒரு வடிவமாகிய கிராபைட்டே. அதில் கரியணுக்கள் அறுகோணங்களாய் இணைந்து தாள்போன்ற தட்டுக்களாகப் பரவியுள்ளன. ஒரு தட்டிற்கும் அடுத்ததற்கும் பிணிப்பு மிகக் குறைவு. ஆதலினாலேயே நாம் எழுதும்போது தட்டுக்கள் உரிந்து தாளில் ஒட்டுகின்றன. கிராபைட்டைக் காந்தம் இழுப்பதில்லை, தள்ளுகின்றது. அத்தள்ளலும் தட்டுக்களுக்குச் செங்குத்தான திசையில் மிகப் பெரிது. இஃது ஏன் என்று ஆராய்ந்த கிருஷ்ணனாரும் கங்குலி என்பவரும், கிராபைட்டின் கட்டற்ற எலெக்ட்ரான்கள் ஒவ்வொரு தட்டின் பரப்பிலும் உலவுகின்றனவே அன்றித் தட்டுவிட்டுத் தட்டு எளிதில் தாவுவதில்லை என்று 1941ஆம் ஆண்டில் விளக்கினர். பல்லாண்டுகள் கழிந்து, 2004ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் அத்தட்டுக்களில் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். கிராபீன் எனப்படும் அப்பொருளின் ஆராய்ச்சிக்கு 2010ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிட்டியது.

செம்பினுள் செல்லும் அலை

1940ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. 1942ஆம் ஆண்டில் அவர் அலகாபாத் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா அவர் கைக்கு வந்தது. செப்புக்கம்பியில் மின்னோட்டத்திற்குத் தடை எவ்வாறு உண்டாகின்றது?

முதலில் ஓட்டம் என்பதையே தெளிந்து கொள்வோம். செம்பின் அணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் எலெக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகின்றது. அவையெல்லாம் கம்பி முழுவதும் திரிகின்றன. மின்னழுத்தம் தூண்ட, அவை ஒரு திசையில் மெல்ல நகர்கின்றன. அந்நகர்ச்சி நம் வீட்டுக் கம்பிகளில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் தூரங்கூட இராது. அதிலும் நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை சென்று மீள்வதாதலின், அவை நின்ற இடத்திலேயே ஊசலாடுகின்றன என்றே கூறலாம். அங்ஙனமாயின் பொத்தானை அழுத்தியவுடன் விளக்கு எரிவது எப்படி? நீர் நிரம்பிய குழாயின் ஒரு தலையில் பம்பு தள்ளினால், மறுதலையில் உடனே நீர் வழிகின்றது. வழிவது பம்பினருகே இருந்த நீரன்று, முன்னரே அங்கு நின்ற நீரே. மின்சாரமும் அத்தன்மைத்தே. விரைந்து செல்வது தூண்டுதல். மெல்ல அசைவது துகள்.

இனித் தடையைப் பார்ப்போம். எலெக்ட்ரான் சிறு குண்டுபோன்ற துகளாயின், நெருங்கி நிற்கும் அணுக்களின்மேல் அடிக்கடி முட்டித் தடுமாற வேண்டும். செம்பு இத்துணை நன்றாய் மின்சாரத்தைக் கடத்தலாகாது. ஆனால் எலெக்ட்ரான் அலையாகவும் நடக்கும் என்பது 1927ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. அதனை மெய்ப்பித்தவருள் ஒருவர் ஜே. ஜே. தாம்ஸனின் மகனாரே, தந்தை துகளென்று காட்டியதை மகன் அலையென்று காட்டினார். அலைக்கு, ஒழுங்காய் அடுக்கிய அணுக்கள் தடையாவதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பை நினைவு கூர்வோம். கயிறு பிடித்து நேர்வரிசையில் நட்ட தோப்பின் ஓரத்தில் நின்றால், மரங்கள் ஆயிரம் இருப்பினும், வரிசைகளின் இடையே பார்வை மறுகரைவரை செல்லும். அதே மரங்கள் தாறுமாறாய் நின்றிருப்பின், பத்தாவது மரத்திற்கப்பால் ஒன்றும் தோன்றாது. மறைப்பது மரங்களின் தொகையன்று, ஒழுங்கின்மையே.

செம்பினுள்ளும் அங்ஙனமே. கம்பி சூடேறினால் அணுக்கள் துடித்து நிலைபிறழ்கின்றன, எலெக்ட்ரான் அலை சிதறுகின்றது, தடை வளர்கின்றது. அலை சிதறுங்கால் இழக்கும் ஆற்றலே கம்பியின் வெம்மையாகின்றது. செம்பின் தடை ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் நூற்றில் ஏறக்குறைய 0.4 பங்கு ஏறும். செம்பு உருகிவிட்டாலோ, தடை ஏறத்தாழ இருமடங்காகும். உருகிய உலோகத்தின் இத்தடையைக் கணக்கிடக் கிருஷ்ணனாரும் அவருடைய மாணாக்கர் பாட்டியாவும் 1945ஆம் ஆண்டையொட்டிக் கைக்கொண்ட வழி யாது? கல்கத்தா இருளறையில் திரவத்தினூடே ஒளியலை சிதறியதைப் போலவே, உருகிய உலோகத்தினூடே எலெக்ட்ரான் அலை சிதறுகின்றது என்று அவர்கள் கொண்டனர். திரவத்தில் முற்றொழுங்கும் இல்லை, முற்றும் ஒழுங்கின்மையும் இல்லை. எக்ஸ் கதிர்களால் அவ்விடைநிலையை அளந்தறிந்தால், தடையின் அளவும் கிடைக்கும். இதே வழியை ஜான் ஜைமன் என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டில் விரித்துரைத்தபோதே உலகம் அதனை நன்கு ஏற்றது. அலையென்று எண்ணிய ஒளியைத் துகளாகவும், துகளென்று எண்ணிய எலெக்ட்ரானை அலையாகவும் காணும் பேறு, ஒரு தமிழரின் வாழ்நாளில் ஒருங்கே வாய்த்தது.

தலைநகரிற் பணி

1946ஆம் ஆண்டில் அவர்க்கு ஸர் பட்டம் கிடைத்தது. 1947ஆம் ஆண்டில், டெல்லியில் எழவிருந்த தேசியப் பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் இயக்குநராக அவர் நியமிக்கப் பெற்றார். 1948ஆம் ஆண்டில் அமைந்த அணுசக்திக் குழுவின் முதல் உறுப்பினர் மூவரில் அவரும் ஒருவர். ஏனைய இருவர் ஹோமி பாபாவும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும். பட்நாகர் பெயரால் ஏற்பட்ட விஞ்ஞானப் பரிசை 1958ஆம் ஆண்டில் முதன்முதற் பெற்றவரும் கிருஷ்ணனாரே.

இத்துணை அலுவல்களினிடையிலும் ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. உலோகத்தைச் செந்தணலாய்க் காய்ச்சினால் எலெக்ட்ரான்கள் அதனின்று ஆவிபோல் வெளிப்படும். பழைய ரேடியோ வால்வுகள் இயங்கியது அவ்வாற்றாலேயே. எவ்வளவு ஆற்றல் கொடுத்தால் எலெக்ட்ரான் வெளியேறும் என்பதை அளக்க, அவரும் ஜெயின் என்பவரும் கிராபைட்டினால் ஒரு சிறு அறை செய்து காய்ச்சி, நுண்துளை வழியே வரும் எலெக்ட்ரான்களை அளந்தனர். மூடிய சோற்றுப்பானையின் மூடித்துளையில் வரும் ஆவியைக் கொண்டு உள்ளிருக்கும் கொதிநிலையை அறிவதை இஃது ஒக்கும். பெருங்கருவியை நாடாது, நல்ல வினாவையும் எளிய அமைப்பையும் நாடும் வழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது. 1961ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

முடிவுரை

கிருஷ்ணனாரின் பட்டங்களை நாம் எல்லோரும் அடைதல் இயலாது. ஆயினும், அவர் வாழ்வில் நம் கைக்கெட்டும் பகுதி ஒன்று உண்டு; அஃது அந்நண்பகல் அவையே. அதற்கு வேண்டியவை ஒரு மரநிழலும், உணவுக்குப்பின் எஞ்சும் அரைமணி நேரமும், தெரியாததைத் தெரியாதென்று கூறும் நேர்மையும் ஆம். விஞ்ஞான மாணவர்க்கு விடை தெரியும். ஆனால் அதனைத் தமிழில் விளக்க நாவெழுவதில்லை. தமிழ் மாணவர்க்கு மொழி உண்டு. ஆனால் வினாவை எழுப்பக் கூச்சம் தடுக்கின்றது. இவ்விரு திறத்தாரும் ஒரு கல்வாங்கில் எதிரெதிர் அமர்ந்தால் இரு குறையும் ஒருங்கே தீரும். தமிழும் வடமொழியும் ஒலித்த இல்லத்திற் பிறந்து, பௌதிகத்திற் பட்டம் பெற்று, இரசாயனம் கற்பித்த கிருஷ்ணனார், அறிவிற்கிடையே சுவர் எழுப்பிக் கொள்ளவில்லை.

நம் கலாசாலையின் பெரும்பாலான மாணவர், கிணற்றிலே மோட்டார் ஓடும் ஊர்களிலிருந்து வருவோர். விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், சாளையின் ஓரத்தில் அம்மோட்டார் உறுமுவதைக் கேட்பின், தொட்டால் சுடும் அதன் இரும்புக்கூட்டினுள் எலெக்ட்ரான் அலைகள் சிதறிக்கொண்டிருக்கின்றன என்பதைத் தம் தம்பி தங்கையர்க்கும், இயலுமாயின் தந்தையார்க்கும் எளிய தமிழில் எடுத்துரைப்பாராக. அவர்கள் திருப்பிக் கேட்கும் வினாவிற்கு விடை தெரியாதபோது, அதனைக் குறித்துக்கொண்டு கலாசாலைக்கு மீள்வாராக. நம் அவை அவ்வினாவோடு தொடங்குக.